நியூட்ரல் நாயுடுவின் பவர் பிரேக்

சேலம் ஜில்லாவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஓட்டுவதற்காக இல்லாமல் உருட்டுவதற்காகவே கார் வைத்திருந்த மனிதர் நியூட்ரல் நாயுடு ஒருவர்தான் கிடைப்பார். ஐம்பதுகளில் ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. அதற்குப் பிறகு ஜில்லா இரண்டு தடவை மாறிவிட்டது. நாயுடுவுக்கு மாற்று ஆள் மட்டும் வரவில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் பஸ் ஸ்டாண்டில் யாரும் கை காட்ட மாட்டார்கள். நியூட்ரல் நாயுடு வீடு என்றால் நாய்கூட வாசல்வரை கொண்டுபோய் விடும்.

ஓசூரில் புளி மண்டி வைத்திருந்தார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அந்த மண்டியில் எடை போடுகிற ஆளாகச் சேர்ந்தவன். ஊத்தங்கரைப் பக்கத்துப் புளியெல்லாம் கிருஷ்ணகிரிக்கு வந்து இறங்கும். வாராவாரம் நாயுடு அங்கே போய்ப் புளியை நாக்கில் வைத்துப் பார்த்து விலை பேசிவிட்டு வருவார். கூடவே நானும் காரில் போவேன். எடை போட அல்ல. கட்டை பிடிக்க.

கட்டை என்னவென்று சொல்வதற்கு முன்னால் ரோட்டைச் சொல்லிவிட வேண்டும். ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்தில் இருக்கிறது. சூளகிரி தாண்டினால் மேலுமலை இறக்கம். அந்தக் காலத்து லாரிக்காரர்கள் அதன் உச்சிக்கு வந்ததும் இஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, பெட்ரோல் மிச்சம் என்று உருட்டிக்கொண்டே இறக்குவார்கள். நாயுடு அதை ஒரு மதமாகவே ஆக்கிக்கொண்டார்.

"மேடு ஏற இஞ்சின் வேணும். பள்ளம் எறங்க பூமாதேவி போதும். பூமாதேவி சும்மா இழுக்கறப்ப எவனாவது பெட்ரோல் ஊத்துவானா? தூங்கற மாட்டுக்கு யாராவது புல்லு போடுவாங்களா?" என்பார்.

லாரிக்காரர்களாவது இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அணைப்பார்கள். நாயுடு, தேங்காயை வைத்தால் உருளுமா உருளாதா என்று சந்தேகம் வருகிற இடத்திலெல்லாம் அணைப்பார். பாதி வழியில் கார் நின்றுவிடும். நான் இறங்கித் தள்ளுவேன். அவர் உள்ளே இருந்தபடி, "பாத்தியா, எவ்வளவு தூரம் சும்மா வந்துட்டோம்!" என்று சந்தோஷப்படுவார்.

கார் அப்போதே கிழம். தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பல் ஏறும்போது விட்டுப்போன வண்டி. அதன் பிரேக் கம்பியில் வேலை செய்கிற பிரேக். பெடலை மிதித்தால் கம்பிக்குச் சேதி போகும். கம்பி கொஞ்சம் யோசிக்கும். பிறகு மனசு வந்தால் சக்கரத்திடம் சொல்லும். கைப் பிரேக் என்று ஒன்று இருந்தது. அதில் நாயுடு ஈரத்துண்டைக் காயப்போடுவார், வேறு உபயோகம் கிடையாது. அதனால்தான் கட்டை. வேலமரத்தில் செதுக்கிய முக்கோணக் கட்டை. கார் எங்கேயாவது நின்றால், அது மறுபடி மனசு மாறிக் கிளம்புவதற்குள் நான் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் இயல்பிலேயே பயந்தவன். இன்றைக்கும் மகன் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் என் வலது கால் தானாக எதையோ மிதிக்கிறது. அந்த வயதில் கேட்கவே வேண்டாம். வளைவு வந்தால் "ஐயோ" என்பேன். வளைவு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று "ஐயோ" என்பேன். நாயுடு எனக்கு வைத்த பெயர் 'பயம்'.

"ஏம்பா பயம், கட்டை இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்ப ஏன்யா அழுவற?"

பெங்களூர் ரோட்டில் மதுவிலக்குச் சோதனைச் சாவடி இருந்தது. மைசூர் பக்கத்திலிருந்து யாரும் புட்டி கொண்டுவந்துவிடக் கூடாது என்று போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு தடவை எங்கள் காருக்குக் கை காட்டினார்கள். நாயுடு மிதித்தார். கம்பி யோசித்தது. கார் மரியாதையாகச் சாவடியைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ஒரு ராகிக் கொல்லையின் ஓரத்தில் போய் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"நிக்கச் சொன்னா நிக்கமாட்டியாய்யா?"

"நான் அங்கியே நின்னுட்டேன் சார். வண்டிதான் இப்ப நின்னுது" என்றார் நாயுடு.

வண்டியை உலுக்கித் தேடினார்கள். கொஞ்சம் புளியும், ஒரு ஈரத்துண்டும், மடியில் கட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த நானும் கிடைத்தோம். என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, இவனிடம்தான் ஏதோ இருக்கிறது என்று என்னை மட்டும் இரண்டாம் தடவை சோதித்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ராஜம்மா விஷயம்தான் அப்படி இல்லை.

ராஜம்மா நாயுடுவின் சம்சாரம். பிறந்த வீடு கிருஷ்ணகிரி. வீட்டில் இரண்டு பேரும் தெலுங்கு, மண்டியில் தமிழ், தளியிலிருந்து வருகிற காய்கறிக்காரர்களிடம் கன்னடம். மூன்று பாஷையிலும் நாயுடுவைத் திட்டத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். காரையே அந்த அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்வரத்தான் நாயுடு வாங்கினார் என்று மண்டியில் பேசிக்கொள்வார்கள். முன் சீட்டில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, மோர்ச் சொம்பைப் பிடித்தபடி ராஜம்மா உட்கார்ந்தால் நாயுடுவுக்கு மீசை ஒரு விரற்கடை மேலே போகும்.

ஒரு நாள் மேலுமலை இறக்கத்தில் உருண்டுகொண்டிருந்தோம். முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. நாயுடு மிதித்தார். எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்தார். கம்பி அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டது. காரின் மூஞ்சி முழுவதும் வைக்கோலுக்குள் போய்த்தான் நின்றது. ஆளுக்கும் மாட்டுக்கும் அடி இல்லை. கண்ணாடிக்கு வெளியே எங்கே பார்த்தாலும் வைக்கோல். மோர் முழுவதும் நாயுடுவின் தலையில்.

ராஜம்மா கதவைத் திறந்து இறங்கினார். "நம்பற மாதிரி பிரேக்கு இந்த வண்டிக்கு எப்ப வருதோ, அப்ப நான் ஏறறேன். அதுவரைக்கும் எனக்கு பஸ்ஸு இருக்குது" என்றார். சொன்னபடியே பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ஊருக்கு, தனித்தனியாகப் போனார்கள். நாங்கள் உருண்டுகொண்டிருக்கும்போது பஸ் எங்களைத் தாண்டும். ஜன்னலோரத்தில் கனகாம்பரம் தெரியும். நாயுடு ரப்பர் ஹாரனைப் பிடித்து, பாம், பாம் என்று அமுக்குவார். கனகாம்பரம் திரும்பாது.

முன் சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டார். "அண்ணே, அதுல ஒரு மூட்டை புளியாவது வெக்கலாமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"வெச்சுப் பாரு, கையை ஒடிச்சுருவேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

போதாக்குறைக்கு, மண்டியில் மூட்டை சரிந்து அவர் வலது முழங்காலில் விழுந்தது. மிதிக்கிற கால். கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, ஒருவழியாக நடமாடினார். ஆனால் பழைய பலம் வரவில்லை. பிரேக்கோ முழுப் பலத்தோடு மிதித்தாலே யோசிக்கிற பிரேக். காரை எடுத்துக்கொண்டு பாஷா மேஸ்திரியிடம் போனார்.

பாஷா மேஸ்திரிக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஓசூரில் ஓடுகிற அத்தனை வண்டியின் வயிற்றுக்குள்ளும் ஒரு தடவையாவது கையை விட்டவர். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார்: "நாயுடுகாரு, ரெண்டு வழி இருக்குது. இருக்கற கம்பியை இழுத்துக் கட்டி, பிரேக்குக்குப் புதுத் தோலு ஒட்டித் தரேன். ஆனா கால்ல பலம் வேணும். இல்லேன்னா பவர் பிரேக்கு. பெங்களூர்ல பெரிய அமெரிக்கா வண்டிங்களுக்கு வருது. ஒரு டப்பா மாதிரி இருக்கும். இஞ்சின் மூச்சு இழுக்குது பாருங்க, அந்த மூச்சு டப்பாவுக்குள்ள பூந்து, நீங்க மிதிக்கறப்ப கூடச் சேந்து கம்பியை இழுக்கும். ஒரு விரலை வெச்சா போதும்."

விஷயம் ஊருக்குத் தெரிந்துபோய் பஸ் ஸ்டாண்டு டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கால் கட்சி, டப்பா கட்சி. தேர்தல் வந்தால்கூட ஓசூரில் அவ்வளவு சத்தம் கேட்காது.

"ஆம்பளைன்னா காலால நிறுத்தணும்யா. இன்னிக்கு மிதிக்கறதுக்கு டப்பா வெப்பான், நாளைக்கு மூக்கு சிந்தறதுக்கும் டப்பா வெப்பான்" என்றது கால் கட்சி.

"ஆம்பளையாட்டம் மிதிச்சுத்தானய்யா வெக்கப்போர்ல பூந்தாரு!" என்றது டப்பா கட்சி.

என்னையும் கேட்டார்கள். இரண்டையும் மாட்டிவிட்டு, காரையும் வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்றேன். எந்தக் கட்சியும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நாயுடுவுக்குத் தூக்கம் போயிற்று. புளி எடை நடக்கும்போது திடீரென்று, "ஏம்பா பயம், காலா, டப்பாவா?" என்பார். கடைசியில் பாஷா எங்களை பெங்களூருக்குக் கூட்டிப்போனார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருடைய பட்டறை அங்கே இருந்தது. அன்றைக்கு அங்கே கப்பல் போல ஒரு புது அமெரிக்க வண்டி வந்திருந்தது. பவர் பிரேக் உள்ள வண்டி. ஓட்டிப் பார்க்க நாயுடுவை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் பாஷா, பின்னால் நான். பட்டறை மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்ததும் பாஷா, "இப்ப மிதிங்க" என்றார்.

நாயுடு தன் பழக்கப்படி எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்தார்.

வண்டி நின்றது. நாங்கள் நிற்கவில்லை. பின் சீட்டிலிருந்த நான் கதவைத் திறக்காமலே முன் சீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பாஷாவின் தொப்பி எங்கே போயிற்று என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. கண்ணாடியில் இடித்த மூக்கைத் தடவிக்கொண்டே, சாமி தரிசனம் கிடைத்தவர் மாதிரி நாயுடு சொன்னார்: "நிக்குதுப்பா!"

டப்பா வந்தது. பாஷா அதை எப்படியோ கிழட்டு வண்டியின் வயிற்றில் பொருத்திவிட்டார். பொருத்தியதும் நாயுடுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாயுடுகாரு, ஒரே ஒரு சங்கதி. இஞ்சின் ஓடினாத்தான் டப்பாவுக்கு மூச்சு. அணைச்சீங்கன்னா, உள்ள நின்ன மூச்சு ஒரு மிதி, ரெண்டு மிதிக்கு வரும். அப்புறம் பெடல் கல்லாட்டம் ஆயிடும். மேலுமலையில அணைக்காதீங்க."

"நான் என்னா சின்னப் புள்ளையா?" என்றார் நாயுடு.

ராஜம்மாவிடம் நேராகப் போய், "பவர் பிரேக்கு வந்துருச்சு" என்றார். ராஜம்மா காரைச் சுற்றிவந்து பார்த்தார். "டப்பா எங்க?" என்றார். காட்டினார்கள். "இதா?" என்றார். மறுநாள் காலையில் கனகாம்பரத்தோடும் மோர்ச் சொம்போடும் முன் சீட்டில் ஏறினார். நாயுடுவின் மீசை பழைய உயரத்துக்குப் போனது. நான் பின்னால், கட்டையோடு.

சூளகிரி வரைக்கும் ராஜாங்கம். ஒற்றைக்காலால் தொட்டால் நின்றது. அநாவசியமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஒரு கோழிக்காக நிறுத்தினார். ரொம்ப தூரத்தில் வந்த இன்னொரு கோழிக்காகவும் நிறுத்தினார். ராஜம்மா சிரித்துவிட்டார். வைக்கோல் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் காருக்குள் கேட்ட முதல் சிரிப்பு அது.

மேலுமலை உச்சி வந்தது. பேச்சு சுவாரசியத்தில் நாயுடுவின் முகம் ராஜம்மா பக்கம் திரும்பியிருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்பி, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது.

"ஐயோ!" என்றேன் நான்.

"சும்மா இருப்பா பயம்" என்றார் நாயுடு.

"ஐயோ, இஞ்சினு!"

"அவனுக்கு இதே வேலை" என்று ராஜம்மாவிடம் சொன்னார். அத்தனை வருஷமும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஐயோ போட்டதன் பலன், நிஜமான ஐயோவுக்கு மரியாதை இல்லாமல் போனது.

முதல் வளைவில் தொட்டார். வண்டி அடங்கியது. இரண்டாம் வளைவில் தொட்டார். அரை மனசாக அடங்கியது. மூன்றாம் தடவை தொட்டபோது நாயுடுவின் முகம் மாறியது. பெடல் கல்லாகிவிட்டது.

எழுந்து நின்றார். வலது முழங்கால் மடங்கியது. "சாவி! சாவி!" என்று நான் கத்தினேன். பதற்றத்தில் சாவிக்குப் பதிலாக ஹாரனைப் பிடித்து அமுக்கினார். பாம், பாம், பாம் என்று ஊரைக் கூட்டிக்கொண்டே கார் இறங்கியது. கீழே வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் வெறும் வானம். எனக்குத் தெரிந்த தெய்வங்களின் பெயரெல்லாம் தீர்ந்து, பக்கத்து ஊர்த் தெய்வங்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

ராஜம்மா மோர்ச் சொம்பை என் கையில் திணித்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். வலது காலை அப்படியே குறுக்கே நீட்டி, நாயுடுவின் கால்மேலேயே ஓங்கி மிதித்தார்.

நாயுடு அலறினார். கம்பி அலறியது. கார், முனகி முனகி, வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றது.

எங்கேயோ ஒரு மைனா கத்தியது.

"ஏமண்டி, காலை எடுக்கட்டுமா?" என்றார் ராஜம்மா.

"எடுக்காத! எடுத்தா போயிரும்! டேய் பயம், கட்டைடா!"

குதித்தேன். கட்டையை வைத்தேன். இன்னொரு கையில் மோர்ச் சொம்பு அப்படியே இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை, எப்படி என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

ராஜம்மா திட்டவில்லை. சாவியைப் பார்த்தார். "இஞ்சினு?" என்றார்.

"அது... அணைஞ்சுருச்சு."

"தானாவா?"

நாயுடு இஞ்சினைக் கிளப்பினார். கிருஷ்ணகிரி வரைக்கும் அணைக்கவே இல்லை. திரும்பும்போது ராஜம்மா பஸ்ஸில் வந்தார். நாயுடுவின் பாதத்தில் மெட்டி பதிந்த இடம் கன்றிப்போய் ரொம்ப நாள் இருந்தது.

மறுநாள் பாஷாவிடம் போய், "டப்பாவைக் கழட்டு" என்றார்.

பாஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டப்பா மேல என்னா குத்தம்? அணைக்காம எறங்குங்களேன்! தங்கமா வேலை செய்யுமே!"

நாயுடு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கை என் பேச்சைக் கேக்காது பாஷா. அவ பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே போய் அணைச்சுது. நாளைக்கும் அணைக்கும். கையை மாத்தித் தர முடியுமா உன்னால?" காலையும் நீட்டிக் காட்டி, "என் கால் மிதிச்சப்ப நிக்கல. அவ கால் சேந்து விழுந்ததும் நின்னுது, கவனிச்சியா?" என்றார்.

பாஷா எங்கே கவனித்தார், நான்தான் கவனித்தேன். இருந்தாலும் அவர் சொல்வது பாஷாவுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கம்பி பிரேக்கைப் புதுத்தோல் ஒட்டி இழுத்துக் கட்டினார்கள். டப்பா இருந்த இடத்தில், முன் சீட்டின் இடது பக்கம் வரைக்கும் குறுக்கே ஒரு தண்டு. அதன் முனையில் இன்னொரு பெடல். பழைய தையல் மிஷினில் காலால் ஆட்டுகிற இரும்பு மிதிப்பலகை இருக்குமே, அதுதான். அளவு பார்க்க நாயுடு, ராஜம்மாவின் செருப்பு ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தார். வீட்டில் அந்த அம்மா ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு நாயைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து காரை வாசலில் நிறுத்தியபோது ராஜம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் ஏறமாட்டேன்னு சொன்னேன்."

"நம்பற மாதிரி பிரேக்கு வந்தா ஏறறேன்னு சொன்ன. உன் காலை நீ நம்புவியா, மாட்டியா?"

ராஜம்மா குனிந்து பார்த்தார். தையல் மிஷின் பலகையைப் பார்த்ததும் உதட்டோரம் அசைந்தது. உள்ளே உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். "இன்னும் கொஞ்சம் கிட்ட வெக்கணும்" என்றார்.

நாயுடுவின் மீசையை நான் அதற்கப்புறம் அவ்வளவு உயரத்தில் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அந்தக் காரை நிறுத்தும் அதிகாரம் முழுக்க ராஜம்மாவிடம் போய்விட்டது. பூக்காரியைக் கண்டால் நின்றது. நல்ல கத்தரிக்காயைக் கண்டால் நின்றது. தூரத்து உறவுக்காரர்களைக் கண்டால், நிற்க வேண்டும் என்று நாயுடு கெஞ்சினாலும் நிற்கவில்லை. மேலுமலை இறக்கத்தில் இஞ்சின் சத்தம் கிடையாது, இவர்கள் சத்தம்தான்.

"மிதி!"

"இன்னும் இல்ல."

"மிதிடி!"

"நான் அப்பவே மிதிச்சுட்டேன், நீங்கதான் தூங்கறீங்க!"

ஒரு தடவை ராஜம்மாவின் அம்மாவுக்கு வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுவிட்டது. பார்த்துக்கொள்ள ராஜம்மா கிருஷ்ணகிரியிலேயே தங்கிவிட்டார். நாயுடு மண்டிக்கு வருவார், உட்காருவார், புளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இனிக்கிறது என்பார். கிருஷ்ணகிரியிலிருந்து கார்டு வந்த மறுநாள் காலையில், "கட்டையை எடுறா பயம். கூட்டிவரப் போறோம்" என்றார்.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. மேலுமலையில் இடது பெடலை யார் மிதிப்பது? உச்சியில் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினார். நான் இறங்கிக் கட்டையை வைத்தேன்.

"அண்ணே, நானா மிதிக்கணும்?"

"நீயா? நீ ஓசூர்லயே மிதிக்க ஆரம்பிச்சிருப்ப. நாம இங்கியே வந்து சேந்திருக்கமாட்டோம்."

அவர் இறங்கவில்லை, துண்டால் முன் சீட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறி வந்தது. புளியமரத்தடியில் நின்றது. அதிலிருந்து, கனகாம்பரமும் ஒரு துணிப்பையுமாக ராஜம்மா இறங்கினார்.

எனக்குத் தலை சுற்றியது. "ஏம்மா, கூட்டிவரத்தானே நாங்க கீழ வரோம்? நீங்களே மேல வந்துட்டீங்க. அப்படியே பஸ்ஸுலயே ஓசூர் போயிருக்கலாமே?"

ராஜம்மா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லா இருக்குதே! என் சாமான் கீழ கெடக்குது. கூட்டிப்போறதுக்கு இவரு கீழ வந்தாகணும். நான் வரலேன்னா இவருக்கு யாரு பிரேக்கு மிதிப்பாங்க?"

நாயுடு கதவைத் திறந்துவிட்டார். ராஜம்மா ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் காலை வைத்துக்கொண்டார். கார் சத்தமில்லாமல் உருள ஆரம்பித்தது. மிதி என்றார் அவர். இன்னும் இல்லை என்றார் இவர். காற்று ஜில்லென்று வந்தது.

பாதி இறக்கத்தில்தான் மடியைப் பார்த்தேன். சக்கரத்தடியிலிருந்து உருவிப் போட்ட கட்டையை மேலே புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வாயில் 'ஐயோ' வரவில்லை.